ஒளியைக் கூட்டலும் குறைத்தலும்



நம் முன்னோர் இல்லங்களில் எரிந்த எண்ணெய் விளக்குக்குத் தூண்டுகோல் ஒன்று உண்டு. திரியைத் தூண்டினால் ஒளி பெருகும், உள்ளிழுத்தால் அடங்கும். பின்னர் வந்த அரிக்கேன் விளக்கில் அவ்வேலையை ஒரு சிறு திருகு செய்தது. படிப்பவனுக்கு நல்லொளி, உறங்கும் குழந்தையின் அருகே சிற்றொளி எனத் தேவைக்கேற்ப ஒளியை அமைத்துக்கொள்ள முடிந்தது. மின்விளக்கு வந்தபோது இவ்வசதி வீடுகளினின்றும் மறைந்தது. 1884-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துப் பொறியாளர் ஜான் ஹென்றி ஹோம்ஸ், தீப்பொறி நீடிக்காதவாறு மின்னோட்டத்தை விரைந்து துண்டிக்கும் சுவிட்சை அமைத்தார். மிகச் சிறந்த கருவிதான்; எனினும் 'எரி', 'அணை' என்னும் இரண்டு கட்டளைகளையே அது அறியும். இழந்த திருகை மனிதன் மீண்டும் பெற்ற வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

இவ்வரலாறு வீட்டில் தொடங்கவில்லை. நாடக மேடையில் தொடங்குகின்றது. 1817-இல் லண்டன் நகரத்து டுரூரி லேன், லைசியம் ஆகிய அரங்குகளில் எரிவாயு விளக்குகள் ஏற்றப்பட்டன. மெழுகுவத்தி எரிந்த காலத்தில் மேடையை இருட்டாக்குவதும் மீண்டும் ஒளியூட்டுவதும் பெரும்பாடு. எரிவாயுவிலோ, ஓரிடத்தில் நின்ற ஒருவர் குழாய்களின் திருகுகளைத் திருப்பியே பகலை இரவாக்கினார். ஆனால் அந்த அழகுக்குக் கொடுத்த விலை பெரிது. திரைச்சீலைக்கும் மரச்சட்டத்துக்கும் அருகில் நூற்றுக்கணக்கான சுடர்கள் எரிந்தன; அரங்குகள் அடிக்கடி தீக்கு இரையாயின.

இவ்வகையில் 1881-ஆம் ஆண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டு அக்டோபர் 10-ஆம் நாள் லண்டனில் சவாய் அரங்கு திறக்கப்பட்டது. அதனை எழுப்பிய ரிச்சர்டு டாய்லி கார்ட், ஜோசப் சுவான் உருவாக்கிய ஏறத்தாழ 1,200 மின்விளக்குகளை அங்கே அமைத்தார். தொடக்கத்தில் மின்னாக்கியின் ஆற்றல் போதாமையால் மேடைக்கு மட்டும் எரிவாயுவே பயன்பட்டது. அவ்வாறிருக்கையில், டிசம்பர் 8-ஆம் நாள் வியன்னா நகரத்து ரிங் அரங்கில், எரிவாயு விளக்கின் சுடரால் மேடை தீப்பற்றியது. எரிவாயு நிறுத்தப்பட்டது, ஆபத்துக்கால எண்ணெய் விளக்குகளும் எரியவில்லை. இருளில் வழியறியாது 380-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு இருபது நாட்களுக்குப் பின், டிசம்பர் 28-ஆம் நாள், சவாய் மேடையும் மின்னொளி பெற்றது. அன்று கார்ட் மேடையேறி, எரிந்துகொண்டிருந்த மின்விளக்கு ஒன்றை அவையோர் காண உடைத்துக் காட்டினார். விளக்கு அணைந்தது, தீ எழவில்லை. வியன்னாவின் துயரம் ஆறாத வேளையில் அக்காட்சி எத்துணை ஆறுதல் அளித்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மேடை விளக்குகளைப் படிப்படியாக மங்கச் செய்யவும் சவாயில் வழி இருந்தது. விளக்கோடு தொடராக மின்தடைக் கம்பியைச் சேர்ப்பது அரங்குகளில் கையாளப்பட்ட ஒரு முறை. தடை மிகுந்தால் மின்னோட்டம் குறையும், ஒளியும் குறையும். வேறு சில அரங்குகளில் உப்பு நீர் நிறைந்த சாடியில் உலோகத் தகட்டை இறக்கியும் ஏற்றியும் இதே பயனைப் பெற்றனர். ஆயினும் இங்கே ஒரு குறை உண்டு. விளக்கு விட்டுக்கொடுத்த ஆற்றலில் ஒரு பகுதியைத் தடை வெப்பமாக வீணாக்கிவிடும்.

நம் பள்ளிகளில் மின்விசிறிக்கென இருந்த பழைய பெட்டி ரெகுலேட்டரும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நான் ஆசிரியனாக இருந்தபோது, விசிறி மெதுவாகச் சுழலும் வேளையில் அப்பெட்டியின் மேற்புறத்தைத் தொட்டுப் பார்க்குமாறு மாணவரிடம் கூறுவேன். 'இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?' என்ற ஒரு கேள்வியே அன்றைய பாடமாகிவிடும்.

வெப்பத்தோடு பருமனும் தடையாக நின்றது. சுவரிலுள்ள சிறு பெட்டிக்குள் இத்தகைய கருவியை எங்ஙனம் அடக்குவது? குறைகடத்திகளின் வளர்ச்சியே விடை தந்தது. 1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் தைரிஸ்டர் வகைக் கருவியை வெளியிட்டது. 1959-இல் நியூயார்க்கில் வாழ்ந்த இயற்பியலறிஞர் ஜோயல் ஸ்பைரா, டையோடும் மின்மாற்றியும் கொண்ட டிம்மர் ஒன்றை அமைத்தார். அது சாதாரணச் சுவிட்சுப் பெட்டியில் அடங்கியது. 1961-இல் தம் மனைவி ரூத்துடன் லூட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார். அரங்கத்தின் வசதி இல்லத்துக்கு வந்து சேர்ந்தது.

பின்னர்ப் பரவிய டிம்மர்கள் மின்னோட்டத்தைத் தடுத்து எரிப்பதில்லை, நறுக்கி அளிக்கின்றன. நம் நாட்டு மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுகள், அதாவது 100 அரைச் சுற்றுகள் கொண்டது. ஒவ்வோர் அரைச் சுற்றிலும் கருவி சற்றுத் தாமதித்தே வழி திறக்கும். தாமதம் மிகுந்தால் ஒளி குறையும். இழைவிளக்கின் இழை அதற்குள் குளிர்ந்துவிடாமையால் கண்ணுக்கு இடைவெளி தோன்றாது.

ஒளி பாதியானால் மின்செலவும் பாதியாகும் என்று கருதிவிடாதீர்கள். இழைவிளக்கின் மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால், ஒளி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகும். மின்செலவோ மூன்றில் ஒரு பங்காகத்தான் குறையும். இழையின் ஆயுள் நீளும் என்பது உண்மை.

இன்று எல்.இ.டி. விளக்குகள் பெருகியுள்ளன. அவற்றுள் டிம்மருக்கு ஏற்றவை என்று குறிக்கப்பட்டவற்றையே இணைத்தல் வேண்டும்; மற்றவை துடிக்கும், இரையும், விரைவில் பழுதாகும். விளக்குக்கான டிம்மரில் மின்விசிறியை இணைத்தலும் ஆகாது. சுவிட்சை எடுத்துவிட்டு டிம்மர் பொருத்த விரும்புவோர், மெயின் சுவிட்சை நிறுத்தி, பயிற்சி பெற்ற மின்பணியாளரைக் கொண்டே அதனைச் செய்விக்க வேண்டும். அறிவு மிக்க மாணவனாயினும் மின்சாரம் அவனுக்கெனச் சலுகை காட்டாது.

நண்பர்களே, சுவரிலுள்ள சிறு குமிழைத் திருப்பும்போது, அதன் பின்னே அரங்கத்துத் தொழிலாளரின் திறனும், வியன்னாவில் மாண்டோரின் துயரும், அறிஞர் பலரின் உழைப்பும் நிற்கின்றன என்பதை எண்ணுங்கள். நாள்தோறும் கையாளும் பொருள்களைக் கேள்வி கேட்டுப் பழகுங்கள். வரலாறு அரசர் அரண்மனையில் மட்டுமன்று. நம் வீட்டுச் சுவரிலும் இருக்கின்றது.