அட்டைப்படத்தில் இடம்பெறாத அமெரிக்கா

ஒரு சமூகத்தின் வரலாறு அதன் அரசியற் சாசனங்களிலும் போர்ப் பதிவுகளிலும் மாத்திரம் அடங்கிவிடுவதில்லை. மக்கள் வாரந்தோறும் வாங்கிப் படித்த சஞ்சிகைகளும் வரலாற்று மூலங்களே. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் வாழ்வையும் கனவையும் அறிவதற்கு உதவும் இத்தகைய மூலங்களுள் 'சற்றர்டே ஈவினிங் போஸ்ற்' முதன்மையானது எனலாம்.

பிலடெல்பியாவிலிருந்து வெளிவந்த இச்சஞ்சிகையை 1897இல் சைறஸ் கேர்ட்டிஸ் என்பார் ஆயிரம் டொலருக்கு வாங்கினார். 1899 முதல் 1936 வரை ஜோர்ஜ் ஹொறேஸ் லொறிமர் அதன் ஆசிரியராக விளங்கினார். ஜக் லண்டன் முதலானோரின் புனைகதைகளும், வணிகரின் வெற்றியைப் போற்றும் கட்டுரைகளும் அதில் இடம்பெற்றன. ஐந்து சதத்துக்கு விற்கப்பட்ட இதழின் விலை உற்பத்திச் செலவுக்கே போதாது. விளம்பர வருவாயே அதனை வாழவைத்தது. விளம்பரதாரர் வேண்டியது பெருந்தொகையான வாசகரை. எனவே, அவ்வாசகர் மனங்கோணாத ஓர் அமெரிக்காவைக் காட்டுவது சஞ்சிகையின் வணிகத் தேவையாயிற்று.

அவ்வமெரிக்காவுக்கு உருவங் கொடுத்தவருள் தலையாயவர் நோர்மன் றொக்வெல். 1916 தொடக்கம் 1963 வரை முந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைப்படங்களை அவர் வரைந்தார். சிற்றூர் வாழ்வு, சிறுவர் குறும்பு, வீடு திரும்பும் போர்வீரன் என்பன அவர்தம் பொருள்கள். ஜனாதிபதி றூஸ்வெல்ற் எடுத்துரைத்த நான்கு சுதந்திரங்களை விளக்கி அவர் வரைந்த ஓவியங்கள் 1943இல் அவ்விதழில் வெளியாகி, பின்னர் நாடெங்கும் காட்சிக்கு வைக்கப்பட்டு, யுத்தக் கடன்பத்திர விற்பனைக்குப் பெருந்துணை புரிந்தன.

ஆயின், அச்சுதந்திரங்கள் எவருக்குரியன? 1946இல் வெளிவந்த அட்டைப்படமொன்றில், புகையிரத உணவுப் பெட்டியில் உணவுக்குரிய தொகையைக் கணக்கிடும் வெள்ளையினச் சிறுவனருகே கறுப்பினத்தவர் ஒருவர் நிற்கின்றார். அவர் பரிசாரகர். இது தற்செயலன்று. குழுவொன்றைச் சித்திரித்த ஓவியத்திலிருந்து கறுப்பினத்தவர் ஒருவரின் உருவத்தை நீக்குமாறு தாம் பணிக்கப்பட்டதாகவும், அவர்களைப் பணியாளராக மட்டுமே காட்டலாம் என்பது சஞ்சிகையின் கொள்கையாயிருந்ததெனவும் றொக்வெல்லே பிற்காலத்திற் கூறினார்.

போஸ்ற்றை விட்டு நீங்கியபின், 1964 ஜனவரியில் 'லுக்' சஞ்சிகைக்கு அவர் அளித்த ஓவியம் வேறோர் அமெரிக்காவைக் காட்டிற்று. 1960 நவம்பரில் நியூ ஓர்லியன்ஸ் நகரில், அதுகாறும் வெள்ளையர் மட்டுமே பயின்ற பாடசாலையொன்றுக்கு முதன்முதலாகச் சென்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி றூபி பிரிட்ஜஸின் நிகழ்வே அதன் பொருள். வெண்ணிற உடையணிந்து சிறுமி நடக்கின்றாள். முன்னும் பின்னும் மத்திய அரசின் காவலர் நால்வர். அவர்தம் தலைகள் ஓவியத்துள் அடங்கவில்லை. சுவரில் ஓர் இழிசொல். எறியப்பட்ட தக்காளியின் கறை. எறிந்த கூட்டம் ஓவியத்தில் இல்லை. பார்ப்பவனே அக்கூட்டத்தின் இடத்தில் நிறுத்தப்படுகின்றான்.

தொலைக்காட்சி விளம்பரங்களைக் கவர்ந்துகொண்ட காலத்தில், 1969இல் போஸ்ற்றின் பழைய வெளியீடு நின்றது. பின்னர் அது வேறு நிருவாகத்தின்கீழ் மீண்டும் வெளிவந்தது. 2011இல் றூபியின் ஓவியம் வெள்ளை மாளிகையில் வைக்கப்பட்டது. நாட்டின் முதற் கறுப்பின ஜனாதிபதியான ஒபாமாவும் றூபியும் அதனை ஒருங்கே நின்று நோக்கினர்.

இரு சஞ்சிகைகளுக்கும் வரைந்த கை ஒன்றே, கலைத்திறனும் ஒன்றே. வேறுபட்டது இடமளித்தோரின் தீர்மானமும் காலத்தின் போராட்டமுமாகும். ஆதலின், சஞ்சிகை ஓவியத்தை ஆதாரமாகக் கொள்ளும் வரலாற்று மாணவன், அதில் இருப்போரை எண்ணுவதோடு அமையாது, நீக்கப்பட்டோர் எவர், நீக்கியோர் எவர் எனவும் வினவுதல் வேண்டும்.