வெடித்த குழலும் எங்க தாத்தாவின் ரெண்டு விரலும்

எங்க தாத்தாவுக்கு இடது கையில் மூணு விரல்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லை. அறுப்புக்குப் போனால் வலது கை அரிவாள் பிடிக்கும், இடது கைதான் தாளை அள்ளிப் பிடிக்க வேண்டும். அந்தக் கை போனதால் அவருக்கு அரைக்கூலி. சாகிற வரைக்கும் அரைக்கூலி.

பழனிமலையின் மேல்தட்டில் உருளைக்கிழங்கும் பூண்டும் போடுகிற ஊர் எங்களது. நாங்கள் புலையர். 1868இல் நெல்சனும் 1906இல் ஃபிரான்சிஸும் மதுரை ஜில்லாவைப் பற்றி வெள்ளைக்காரனுக்காக எழுதிய புத்தகங்களில், நிலம் வைத்திருந்தவர்களிடம் எங்கள் சனம் அடிமைப்பட்டுக் கிடந்த கதை சில வரிகளில் வருகிறது. அடிமைமுறைக்குச் சட்டப்பாதுகாப்பு இல்லை என்று கும்பினியார் சட்டம் போட்டது 1843இல். சட்டம் மலை ஏற எத்தனை காலம் ஆச்சு என்று எங்க அப்பத்தாவைத்தான் கேட்டிருக்கணும்.

யுத்தம் தொடங்க ரெண்டு வருசம் முந்தி என்று தாத்தா சொல்வார். அப்படியானால் 1937. கிழங்குக் காட்டில் ராத்திரிக் காவல். பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் காட்டைக் கிண்டிப் போட்டுவிடும். காட்டுக்குச் சொந்தக்காரர் தன்னுடைய சீமை ரெட்டைக்குழல் துப்பாக்கியையும் ஒரு பை தோட்டாவையும் கொடுத்துப் பரணில் ஏற்றிவிட்டிருக்கிறார். லைசென்சு அவர் பேரில். சுடுவது எங்க தாத்தா.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பன்னி சத்தம் கேட்டுச்சு. தோட்டாவப் போட்டு இழுத்தேன். கிளிக்குன்னுச்சு, அம்புட்டுத்தான். தொறந்து பாத்தா உள்ள ஒண்ணுமில்ல. சரி, போட மறந்துட்டேன் போலன்னு இன்னொன்னு போட்டேன். இழுத்தேன். அப்புறம் கண்ணு தெரியல."

வலது குழல் பின்பக்கமிருந்து நாலு விரற்கடை தள்ளிக் கிழிந்து வாழைப்பூ மடல் மாதிரி விரிந்து போயிருந்ததாம். இடது கை இருந்த இடம் அதுதான். வெட்டுக்காயத் தழையையும் மஞ்சளையும் அரைத்துக் கட்டினார்கள். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி கொடைரோட்டுக்கு இறக்கி, ரயிலில் மெட்ராசுக்கு அனுப்பி, அங்கேயிருந்து கப்பலில் சீமைக்கு அனுப்பினார்கள். "படிக்காத பய, குழாயில மண்ணடைச்சுட்டான்" என்று முடிவு கட்டி, ரிப்பேர் செலவுக்கென்று ரெண்டு வருசம் தாத்தாவின் கூலியில் பிடித்தம் செய்தார்கள். தன்மேல்தான் தப்பு என்று அவரும் நம்பியே செத்தார்.

பல வருசம் கழித்து, போலீசில் ஆயுதம் பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் மதுரையில் இந்தக் கதையைச் சொன்னேன். பாதியிலேயே கையமர்த்தினார். "ரெண்டாவது தோட்டா போடறதுக்கு முன்னாடி உள்ள ஒண்ணுமில்லன்னாரா? அப்ப மண்ணு இல்லப்பா. இருபது நம்பர் தோட்டா."

அவர் விளக்கியது இது. ஒரு ராத்தல் ஈயத்தில் ஒரே அளவாக 12 உருண்டை பிடித்தால், அந்த உருண்டை நுழைகிற குழல் 12 போர். 20 உருண்டை பிடித்தால் 20 போர். குழலின் உள்விட்டம் முன்னதற்கு 0.729 அங்குலம், பின்னதற்கு 0.615. 12 போர் துப்பாக்கியில் 20 போர் தோட்டாவைப் போட்டால் அது வாயில் நிற்காது. உள்ளே வழுக்கிக்கொண்டு போய், தோட்டா அறை முடிந்து குழல் குறுகுகிற இடத்தில் சிக்கும். ஊசி எட்டாது, வெடிக்காது. திறந்து பார்த்தால் காலி மாதிரி இருக்கும், அதுவும் ராத்திரியில். அதன் பின்னால் 12 போர் தோட்டா தாராளமாக உட்காரும். சுட்டால் முன்னால் அடைப்பு, பின்னால் வெடி. குழல் கிழியும். கிழிவது பெரும்பாலும் இடது கை இருக்கிற இடத்தில். மண்ணோ சேறோ அடைத்தால் கிழிவது வழக்கமாக வாய்ப்பக்கம். குழல் எங்கே கிழிந்தது என்பதே சாட்சி. இந்த ஆபத்துக்காகத்தான் பிற்காலத்தில் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் வந்தது.

அந்த வீட்டில் பையனுக்கென்று சின்னத் துப்பாக்கி ஒன்றும் இருந்தது என்று எங்க அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரே பையில் ரெண்டு தோட்டாவும் கலந்து கிடந்திருக்கிறது. அதில் அச்சடித்திருந்த எண்ணை வாசிக்க எங்க தாத்தாவுக்கு எவன் சொல்லிக் கொடுத்தான்?

கிழிந்த குழலை எப்படிச் சரி செய்வார்கள் என்றும் கேட்டேன். அந்தப் பெரியவருக்கு அதில் தனி உற்சாகம். நாட்டுத் துப்பாக்கி என்றால் கொல்லுப்பட்டறையில் இரும்புப் பட்டை போட்டு இறுக்கிவிடுவான், அடுத்த வெடிக்கு ஆயுசு இருந்தால் பார்க்கலாம். சீமைத் துப்பாக்கியைப் பற்றவைக்கக் கூடாது. சூட்டில் எஃகின் உரம் போய்விடும், ரெண்டு குழலையும் நடுப்பட்டையோடு சேர்த்திருக்கிற ஈயப்பற்றும் உருகிவிடும். வாய்ப்பக்கம் கிழிந்திருந்தால் அறுத்துக் குட்டையாக்கலாம். பின்பக்கம் கிழிந்தால் அறுக்க வழியில்லை. ஒன்று, மூன்றங்குலம் விட்டு வெட்டி அந்த அடித்துண்டில் புதுக்குழல்களைச் செருக வேண்டும். இல்லையென்றால் புதுக்குழல் சோடியே செய்ய வேண்டும். பிந்தியது ராஜவேலை. அடியில் கொக்கி போலிருக்கிற பாகத்தை விளக்குப் புகையில் காட்டிக் கரியேற்றி, துப்பாக்கியில் பூட்டிக் கழற்றி, கரி எங்கே அழுந்தியிருக்கிறதோ அங்கே மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி புகை, மறுபடி பூட்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நூல் வெளிச்சம்கூடத் தெரியக்கூடாது. ரெண்டு குழலும் நாற்பது கஜத்தில் ஒரே இடத்தில் சுடும்படி லேசாக உள்பக்கம் சாய்த்துச் சேர்க்க வேண்டும். பிறகு சோதனைச் சாலையில், வழக்கத்தைவிடக் கனமான மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை.

பர்மிங்காம் நகரத்தின் சோதனைச் சாலை 1813இல் சட்டம் போட்டு ஏற்படுத்தப்பட்டது. அதற்கு முன்பே அந்த ஊர் பட்டறைகளில் செய்த மலிவுத் துப்பாக்கிகளைக் கப்பலேற்றிப் போய் ஆப்பிரிக்கக் கரையில் கொடுத்து மனிதர்களை வாங்கியிருக்கிறார்கள். 1807இல் பிரிட்டன் அந்த வியாபாரத்தைத் தடை செய்கிற வரைக்கும் துப்பாக்கிக்கு அடிமை என்பது நடப்பு விலை. அதே ஊர்த் துப்பாக்கிதான் எங்க தாத்தா கையில் வெடித்தது.

இந்த நாட்டில் துப்பாக்கி யார் வைத்துக்கொள்ளலாம் என்பதும் சாதியையும் தோலையும் பார்த்துத்தான் தீர்மானமானது. லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு லைசென்சு கேட்டது, ஐரோப்பியனுக்கு விலக்குக் கொடுத்தது. குடகர்களுக்கும் விலக்கு, அது சுதந்திரத்துக்குப் பிறகும் புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. 1959 சட்டம், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள துப்பாக்கிக்குப் பாதுகாப்பு, விளையாட்டு என்ற காரணங்களையும், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்குப் பயிர்க்காவல் என்ற காரணத்தையும் ஒத்துக்கொள்கிறது. பயிர் இருந்தால்தானே பயிர்க்காவல்? வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இல் வந்தபோது, தேவைப்பட்டால் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடிகளுக்கும் ஆயுத லைசென்சு கொடுக்கலாம் என்று மூணாவது விதியிலேயே எழுதினார்கள். தோழர்கள் எடுத்து வாசித்துப் பாருங்கள். வாசித்துவிட்டு, உங்கள் ஜில்லாவில் எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்று மனுப் போட்டுக் கேளுங்கள்.

கூலியாளின் உடம்புக்கும் சட்டம் இருந்தது. 1923ஆம் வருசத்துத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் விரல் போனதற்கும் கணக்கு உண்டு. ஆனால் கிழங்குக் காட்டுக் காவல்காரன் அந்தச் சட்டத்தின் தொழிலாளியாக எண்ணப்படவில்லை.

அந்தத் துப்பாக்கியை நான் பார்த்திருக்கிறேன். 1991இல் அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயிருந்தேன். பெரியவரின் பேரன் கூடத்தில் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "தாத்தா காலத்துது. ஒரு தடவ குழாய் வெடிச்சு, சீமைக்கு அனுப்பிப் புதுக்குழாய் போட்டு வந்துச்சு. எங்க சேந்திருக்குன்னு கண்டுபிடிக்க முடியாது பாரு." குழலின் அடியைத் திருப்பிக் காட்டினார். எண், முத்திரை எல்லாம் இருந்தது. அந்த எண்ணைச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினால் என்னைக்குச் செய்தது, யாருக்கு விற்றது, என்னைக்குக் குழல் மாற்றியது என்று பேரேட்டைப் பார்த்துப் பதில் போடுவார்கள் என்றும் பெருமையாகச் சொன்னார்.

"ஐயா, ஒருக்கா பிடிச்சுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டேன். என்ன நினைத்தாரோ, கொடுத்தார். நல்ல கனம். இடது கை தானாகவே குழலுக்கு அடியில் போய் உட்கார்ந்தது.

"போதும்பா, குடு" என்று வாங்கி, நான் பிடித்திருந்த இடத்தை எண்ணெய்த் துணியால் ரெண்டு தடவை துடைத்தார். விரல் பட்ட இடத்தில் துரு ஏறுமாம்.