எல்லையூரில் ஒரு பணிமேடை



திருவனந்தபுரத்திலிருந்து குமரிமுனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரையையும் அமரவிளையையும் கடந்த பின், பாறசாலையை அடைவதற்கு முன், உதியன்குளங்கரை என்னும் ஊர் இருக்கிறது. உதியன் என்ற சொல் தமிழறிந்தார்க்குச் சேர வேந்தரை நினைவூட்டும். ஆயினும் பெயர்க்காரணத்தை ஆராய்வது இன்று நம் நோக்கமன்று. பாறசாலைக்கு அப்பால் களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. இடைப்பட்ட இந்த ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில், ஒரே வீட்டில், சில வேளை ஒரே வாக்கியத்தில் கலந்து வழங்குகின்றன.

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றது. அவ்வாண்டே அரசியலமைப்பின் ஏழாவது திருத்தம் 350-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்குரிய வசதிகளைச் செய்து தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. 1969-இல் இயற்றப்பட்ட கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் அரசுடன் தத்தம் மொழியில் கடிதம் எழுதும் உரிமையை ஏற்றது. பாடநூலும் கடிதமும் இவ்வாறு சட்டத்தில் இடம்பெற்றன. கணிப்பொறியின் திரை எந்த மொழியில் பேச வேண்டும் என்று அந்நாளில் எவரும் கேட்கவில்லை. கேட்பதற்குத் திரையே இல்லை.

அந்தக் கேள்வி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கேரளத்துப் பள்ளிகளில் எழுந்தது. அதன் விடை ‘பணிமேடை’ என்ற ஒன்றைச் சார்ந்திருந்தது. ஆதலின் அதை முதலில் விளக்குவோம். கணிப்பொறியை இயக்கும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம். அது நம் கண்ணுக்குப் புலப்படாதது. நாம் காண்பன திரையில் விரியும் சாளரங்கள், பட்டிகள், கோப்புறைகள், கடிகாரம், அமைப்புகளை மாற்றும் பலகைகள் முதலியன. இவையெல்லாம் சேர்ந்ததையே ‘டெஸ்க்டாப்’ என்று உலகம் வழங்குகிறது. தமிழில் பணிமேடை என்கிறோம். வணிக நிறுவனங்களின் இயங்குதளத்தை வாங்கினால் பணிமேடையும் அதனுடனேயே வரும், வேறொன்றைக் கேட்பதற்கில்லை. லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளத்தில் அடித்தளம் ஒன்றாகவும் மேடைகள் பலவாகவும் இருக்கும், விரும்பியதை அமைத்துக்கொள்ளலாம். இந்தச் சுதந்திரம் சிலருக்கு மகிழ்ச்சி, பலருக்குத் தலைவலி.

இத்தனை மேடைகள் தோன்றியதற்கு ஒரு சச்சரவே காரணம். 1996 அக்டோபரில் ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிக், சாதாரண மக்களும் கையாளத்தக்க ஒருமித்த பணிமேடை வேண்டும் என்று அறைகூவி, கே.டி.இ. என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட கருவித்தொகுப்பு கியூட்டி. நார்வே நாட்டு ட்ரோல்டெக் நிறுவனத்தின் உடைமை. கட்டணமின்றிக் கிடைத்தபோதும், அதைத் திருத்திப் பிறருக்கு வழங்கும் உரிமை அன்று இல்லை. ‘வீடு நம்முடையது, அடிமனை மட்டும் பிறருடையது என்றால் எத்தனை நாள் நிலைக்கும்?’ என்று கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் ஐயுற்றனர். மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் டி இகாசாவும் பெதெரிகோ மேனாவும் முற்றிலும் கட்டற்ற உறுப்புகளால் ஆன குனோம் என்னும் மாற்றுத் திட்டத்தை அறிவித்தனர். அவர்கள் அதை அறிவித்த நாள் 1997 ஆகஸ்டு 15. நம் நாடு விடுதலைப் பொன்விழாக் கொண்டாடிய அதே நாள். இது தற்செயலே, எனினும் நமக்கு நினைவில் வைத்துக்கொள்ள எளிதாயிற்று.

கே.டி.இ.யின் முதற்பதிப்பு 1998 ஜூலையிலும், குனோமின் முதற்பதிப்பு 1999 மார்ச்சிலும் வெளிவந்தன. 2000 செப்டம்பரில் கியூட்டியும் பொது உரிமத்தின் கீழ் வந்ததால் சச்சரவின் மூலகாரணம் நீங்கியது. ஆனால் பிரிந்த இரு குடும்பங்கள் மீண்டும் ஒன்றாகவில்லை. ஒரு மேடைக்கு எழுதிய மென்பொருள் மற்ற மேடையிலும் ஓடும்; ஆயினும் இரண்டன் மொழிபெயர்ப்புக் குழுக்களும் வேறு வேறு. தமிழுக்கு ஆள் குறைவு என்பதால் இந்த இரட்டைச் சுமை நம்மை மிகுதியாகவே பாதித்தது.

அக்காலத்தில் தமிழைத் திரைக்குக் கொணர்வது எளிதன்று. கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே அறியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் உடன்பாடு வேண்டும். உலகத் தமிழர் பலர் கலந்து வகுத்த திஸ்கி என்னும் குறியீட்டு முறை ஒன்று. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் என்பன வேறு. இம்முறைகளில் மொத்தம் 256 இடங்களே உண்டு. திஸ்கியிலும் டாப் முறையிலும் முதற்பாதியை ஆங்கிலம் பிடித்துக்கொள்ள, எஞ்சியதில் தமிழ் அமர்ந்தது. கனடா முதலிய நாடுகளில் குடியேறிய தமிழரும் தாயகத்து இளைஞரும் கூடி, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கே.டி.இ.யைத் தமிழில் பேச வைத்தனர். கியூட்டி கருவித்தொகுப்பிலேயே திஸ்கிக்கு ஒரு மாற்றி சேர்க்கப்பட்டிருந்தது, அவ்வுழைப்பு உலகின் கண்ணில் பட்டது என்பதற்குச் சான்று.

ஆனால் உதியன்குளங்கரை போன்ற ஓர் ஊரிலிருந்து இதை நோக்குங்கள். 256 இடங்களுள் ஆங்கிலமும் தமிழும் அமர்ந்தபின் மலையாளத்துக்கு இடமேது? ஒரே ஏட்டில் தமிழ் வரியும் மலையாள வரியும் எழுத வேண்டுமெனில், எழுத்துரு மாறிய இடமெல்லாம் புரியாத குறிகள் தோன்றும். கடைத்தெருவில் அருகருகே தொங்கும் இருமொழிப் பலகைகள் திரையில் அருகருகே நிற்க மாட்டா. இத்தடையை நீக்கியது யூனிகோடு. அதில் தமிழுக்கு 128 இடங்கள், மலையாளத்துக்கு வேறு 128 இடங்கள். ஒன்றின் இடத்தை மற்றொன்று பறிக்காது.

எண் கிடைத்தாலும் வடிவம் கிடைக்க வேண்டுமே! ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். யூனிகோடு முறையில் முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி. திரையிலோ கொம்பு முன்னும் ககரம் நடுவிலும் கால் பின்னுமாக வர வேண்டும். இதை அறியாத மேடை எழுத்துகளைச் சிதறடித்துவிடும். 2002-இல் வந்த குனோமின் இரண்டாம் பதிப்பு, பாங்கோ என்னும் எழுத்தமைப்புக் கருவியைத் தன்னுள் கொண்டு வந்தது. ‘அனைத்தும்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையும் ‘மொழி’ என்னும் பொருளுடைய ஜப்பானியச் சொல்லையும் இணைத்து இட்ட பெயர் அது. பெயருக்கேற்ப இந்திய மொழிகளையும் அது கையாண்டது. கே.டி.இ.யும் தன் வழியில் அதே இடத்தை வந்தடைந்தது. இன்று இரு மேடைகளும் எழுத்தை வடிவமைக்க ஹார்ஃப்பஸ் என்ற ஒரே கருவியை நம்புகின்றன. ஆதலின் ‘எந்த மேடையில் தமிழ் சரியாகத் தெரியும்?’ என்ற பழைய கேள்வி இன்று பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

கேரளத்துக்கு வருவோம். யு. ஆர். ராவ் தலைமையிலான குழு வகுத்த வழியில் 2001-இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் உருவாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் ரிச்சர்டு ஸ்டால்மன் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அமைப்பைத் தொடங்கி வைத்தார். பள்ளிப் பாடம் முதலில் வணிக இயங்குதளத்தையே சார்ந்திருந்தது. ‘அரசுப் பள்ளி ஒரு நிறுவனத்தின் பொருளுக்கு வாடிக்கையாளரைப் பயிற்றும் இடமா?’ என்ற வினா ஆசிரியர்களிடையே எழுந்தது. 2005 முதல் பள்ளிகள் படிப்படியாக மாறின. 2008 அளவில் பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வு முழுவதும் கட்டற்ற மென்பொருளிலேயே நடந்தது. திட்டத்தார் முதலில் டெபியனையும் பின்பு உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கெனத் தனிப் பதிப்புகள் ஆக்கினர். உபுண்டுவின் இயல்பான மேடை குனோம். பள்ளிகளும் அதையே கைக்கொண்டன.

நம் கருத்தில் அது நல்ல தேர்வு. அழகை எண்ணி இவ்வாறு சொல்லவில்லை. ஒரு மாநிலம் பாடநூல் அச்சிடும்போது திரையின் வழியையும் அச்சிட்டாக வேண்டும். ‘அப்ளிகேஷன்ஸ்’ பட்டியைத் திற, அதில் ‘எஜுகேஷன்’, அதில் இன்ன மென்பொருள் என்று நூலில் இருந்தால், பாறசாலையிலும் காசர்கோட்டிலும் திரையில் அவ்வாறே இருக்க வேண்டும். குனோமின் இரண்டாம் பதிப்பு அந்த நிலைபேற்றைப் பல்லாண்டு அளித்தது. நிலவுலகைக் காட்டும் மார்பிள், தனிமங்களை விளக்கும் கால்சியம் ஆகியவை கே.டி.இ. குடும்பத்தவை, அவையும் அந்த மேடையில் தடையின்றி ஓடின.

2011-இல் இந்த அமைதி குலைந்தது. ஏப்ரலில் வந்த குனோமின் மூன்றாம் பதிப்பு மேல்முனைப் பட்டியை எடுத்துவிட்டு முற்றிலும் புதிய முறையைப் புகுத்தியது. அதே மாதம் உபுண்டு ‘யூனிட்டி’ என்ற சொந்த மேடைக்குத் தாவி, 2017-இல் அதைக் கைவிட்டுக் குனோமுக்கே திரும்பியது. பழையதை இழக்க மனமில்லாத அர்ஜென்டினா நாட்டவர் ஒருவர் பழைய நிரலைப் பிரித்தெடுத்து மாட்டே என்ற மேடையாக வளர்த்தார். தென் அமெரிக்கர் நாள்தோறும் பருகும் ஒருவகைத் தேநீரின் பெயர் அது. நகரத்து வல்லுநர்களுக்கு இது புதுமை பற்றிய வாதமாகத் தோன்றியிருக்கலாம். அச்சிட்ட பாடநூலைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியருக்கு அது வேறு பொருளுடையது. கேரளத்தின் பின்வந்த பாடநூல்களிலும் ‘அப்ளிகேஷன்ஸ்’ என்று தொடங்கும் பழைய வழி நீங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்க் குழந்தையின் நிலை யாது? கேரள அரசு கணினிப் பாடநூலை மலையாளம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் கன்னடத்திலும் அச்சிடுகிறது. இது பாராட்டத்தக்கது. ஆனால் நூல் தமிழாக இருந்தும், அது சுட்டும் பட்டியின் பெயர் ஆங்கிலமாகவே நிற்கிறது. திரையைத் தமிழாக்க அரசாணை வேண்டுவதில்லை. எந்தப் பெரும்பான்மையின் இசைவும் வேண்டுவதில்லை. கட்டற்ற மேடையில் ஒரே கணிப்பொறியில் ஒருவர் மலையாளத்திலும் மற்றவர் தமிழிலும் நுழையலாம். அவரவர் கணக்குக்கு அவரவர் மொழி. மலையாளத்துக்கு ‘சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ போன்ற குழுக்கள் ஊன்றி உழைத்தன. தமிழ்த் திரையை எல்லைப்புறப் பள்ளிக்கு எடுத்துச் செல்லும் பணி சென்னைக்குத் தொலைவு, திருவனந்தபுரத்துக்கு அயல் என்றாகிவிட்டது. சென்னையில் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் இயங்குதளமும் குனோம் மேடையில் தமிழைத் தாங்கியே வந்தது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் மடிக்கணினித் திட்டத்தில் அது வணிக இயங்குதளத்தோடு சேர்ந்து மாணவரை அடைந்தது. அம்மடிக்கணினி தமிழ்நாட்டு மாணவர்க்கு உரியது. களியக்காவிளைக்கு வடக்கே உள்ளவர்க்கு அன்று.

மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் நேயர்கள் இதைத் தம் கதையாகவே உணர்வார்கள். வீட்டுக் கணிப்பொறிக்கு மேடை தேர்வோர்க்கு நாம் சொல்லக்கூடியது இது. பொறி பழையதாயின் எக்ஸ்.எஃப்.சி.இ., மாட்டே போன்ற எளிய மேடைகள் போதும். வலியதாயின் குனோமோ கே.டி.இ.யோ கொள்ளலாம். முடிவு செய்வதற்கு முன் மொழியைத் தமிழுக்கு மாற்றி ஒரு வாரம் புழங்கிப் பாருங்கள். எத்தனை பட்டிகள் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன என்று எண்ணுங்கள். தமிழ்99 விசைப்பலகையும், ஆங்கில ஒலிப்பில் தட்டும் முறையும் உள்ளனவா என்று பாருங்கள். வேற்று மாநிலத்தில் பயிலும் பிள்ளைகளுக்குப் பின்னது எளிது, நெடுநாள் எழுதுவோர்க்கு முன்னது விரைவு.

மொழிபெயர்ப்பின் தரத்தையும் நோக்குங்கள். நாம் பொறிக்கு இடும் கட்டளை ‘சேமி’, ‘நீக்கு’ என ஒருமையில் அமைவதே இயல்பு. பொறி நம்மிடம் பேசும்போது ‘காத்திருக்கவும்’ என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். இவ்விரண்டும் குழம்பிய திரைகள் உண்டு. சில சொற்கள் அகராதியில் பிறந்து அகராதியிலேயே வாழ்பவை. அவற்றை ஒரு பத்து வயதுக் குழந்தையிடம் வாசித்துக் காட்டியிருந்தால் மொழிபெயர்த்தவரே மாற்றியிருப்பார்.

திருத்தும் வழி கடினமன்று. மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வரிகள் உண்டு. முதல் வரியில் ஆங்கில மூலம், இரண்டாம் வரியில் தமிழ். இரண்டாம் வரி வெறுமையாயின் திரையில் ஆங்கிலமே தோன்றும். நிரப்பியதைக் குழுவினர் பார்த்து ஏற்றால் அடுத்த பதிப்பில் அது உலகெங்கும் செல்லும். குனோமின் புதிய பதிப்பு ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் வெளிவருகிறது.