நின்று போன பத்திரிகைகளும் சித்தி லெவ்வையும்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணியோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

நம் ஊரில் வாசகசாலை, சஞ்சிகை, மாலை வகுப்பு என்று எதை ஆரம்பித்தாலும் "மூன்று மாசத்தில் நின்று விடும் பாருங்க" என்று யாராவது சொல்வார்கள். நின்றும் விடுகிறதுதான். ஆனால் நின்று போனதை மறுபடி தொடங்கியவர்களின் வரலாறு நமக்கு இருக்கிறது. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

அறிஞர் சித்தி லெவ்வை என்றதும் நம் பிள்ளைகள் "முஸ்லிம் நேசன், 1882" என்று சட்டென்று சொல்வார்கள். பரீட்சைக்கு அது போதும். 1838இல் கண்டியில் பிறந்தவர், தொழில் புரொக்டர். வழக்குப் பேசிக்கொண்டு வசதியாக இருந்திருக்கலாம். 1882 டிசம்பர் 21இல் கண்டியிலிருந்து தமிழில் வாரப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். அடுத்த மாதமே எகிப்தின் ஒராபி பாஷாவையும் அவருடைய தோழர்களையும் ஆங்கிலேயர் நாடு கடத்திக் கொழும்பில் கொண்டு வந்து இறக்கினார்கள். உலகச் செய்தி நம் கரைக்கே வந்து சேர்ந்த காலம் அது. 1885இல் அவர் எழுதிய 'அசன்பே சரித்திரம்' நாவலின் நாயகன் எகிப்தியனாக இருப்பதும் சும்மா இல்லை என்றே நமக்குப் படுகிறது.

முஸ்லிம் நேசன் சில ஆண்டுகள் நடந்து நின்றது. மனிதர் ஓய்ந்தாரா? 1892இல் 'ஞானதீபம்' என்று இன்னொன்றைத் தொடங்கினார். இது வாரப் பத்திரிகை இல்லை, சஞ்சிகை. பழையதை அப்படியே தூக்கி நிறுத்தப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் தன்னால் எது முடியுமோ அதற்கேற்ற வடிவத்தை எடுத்துக்கொண்டார். இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. 1898இல் வபாத்தாகும் வரை அவர் எழுத்தை விடவில்லை.

பாடசாலைக் கதையும் இதே மாதிரிதான். மிஷன் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளை மார்க்கம் மாறிவிடும் என்று பெற்றோர் பயந்த காலத்தில், 1884இல் கொழும்பில் முஸ்லிம்களுக்கென்று ஓர் ஆங்கிலப் பாடசாலையை ஏற்படுத்தினார். அது நிலைக்கவில்லை. 1892 ஆகஸ்ட் 22இல் மருதானையில் மீண்டும் ஒன்று. ஒராபி பாஷா துணை நின்றார், வாப்பிச்சி மரிக்கார் நிருவாகத்தைச் சுமந்தார். கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டியவரும் இந்த மரிக்கார்தான். அந்த இரண்டாவது முயற்சிதான் இன்றைய ஸாஹிறாக் கல்லூரி. புத்தளம் ஸாஹிறாவைத் தாண்டிப் போகும்போது அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இவருக்கும் முந்திய ஒருவர் உண்டு. நம் மலாய் சகோதரர்களில் பாபா யூனுஸ் சல்தீன். 1869இல் மலாய் மொழியில், அரபு எழுத்தில், கல்லச்சில் 'அலாமத் லங்காபுரி' என்ற பத்திரிகையை வெளியிட்டார். ஏறத்தாழ ஒரு வருடத்தில் நின்றது. 1877இல் திரும்பவும் தொடங்கினார், அதுவும் நீடிக்கவில்லை. 1895இல் 'வஜா சிலோங்' என்று புதுப் பெயரோடு வந்தார். முதல் இதழுக்கும் இதற்கும் இடையில் 26 வருடம்! இலங்கையில் மலாய் வாசிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? லாபக் கணக்குப் போட்டிருந்தால் இரண்டாவது முறையே வந்திருக்க மாட்டார்.

இதையெல்லாம் இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் உறவுகள் இந்தக் கரைக்கு வந்தபோது முப்பது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர்களை வரவேற்றுச் சோறாக்கிக் கொடுத்த நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் இன்று நம்மோடு இல்லை. யார் வீட்டில் யார் தங்கினார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள், ஓலைக் கொட்டிலில் வகுப்பு எப்படி நடந்தது என்பதெல்லாம் வாய்ப்பேச்சாகவே கிடக்கிறது. ஆராய்ச்சிக்காரர் வந்து எழுதுவார், உண்மைதான். ஆனால் அவருக்குச் சொல்ல அப்போது ஆள் இருக்க வேண்டுமே.

அதனால் நாம் சிலர் சேர்ந்து ஒரு கொப்பி போட்டிருக்கிறோம். அச்சு, வெளியீட்டு விழா, பொன்னாடை எதுவும் இல்லை. வாரம் ஒரு பக்கம், ஒருவருடைய ஞாபகம், அவர் பேசுகிற தமிழிலேயே. இடையில் நோன்பு வரும், பரீட்சை வரும், கடல் தொழில் மும்முரமாகும். அப்போது நின்றால், நின்ற பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து எழுதுவோம். முதல் பக்கத்துக்கு ஒரு மூத்தம்மா சம்மதித்திருக்கிறார். இரண்டாவது பக்கத்துக்கு உங்கள் வாப்பாவிடமோ உம்மாவிடமோ இன்று இரவே கேட்டுச் சொல்லுங்கள்.