சைக்கிளேறிய ஊர்ப்பெயர்

லண்டன் பாதாள ரயிலில் மடித்த சைக்கிளை எந்த நேரத்திலும் கொண்டுபோகலாம். காலைக் கூட்ட நெரிசலிலும் பயணிகளின் முழங்காலுக்குக் கீழே ஒன்றிரண்டு ஒடுங்கி நிற்கும். பெரும்பாலும் அவை 'பிராம்ப்டன்'. கம்பெனிக்காரர் யோசித்து வைத்த பெயர்போல ஒலித்தாலும், அது லண்டனில் உள்ள ஓர் ஊரின் பெயர். அதற்கும் முன்னால் ஒரு செடியின் பெயர்.

'புரூம்' என்பது மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் புதர்ச்செடி. பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்றால் வேலியடைத்த பண்ணை, பிறகு ஊர். இரண்டும் சேர்ந்து பிராம்ப்டன் ஆயிற்று. நடுவில் நிற்கும் 'ப்' செடியிலும் இல்லை, பண்ணையிலும் இல்லை. மகரத்தை முடித்து டகரத்துக்கு வாய் தாவும்போது உதட்டில் தானாகப் பிறந்த ஒலி. மேற்கு லண்டனின் ஆக்டன் இதேபோல ஓக் மரத்து ஊர். நெல்லியடியும் புளியங்குளமும் எருக்கஞ்சேரியும் வைத்திருக்கிற நமக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்தச் செடியின் மிலாறுகளைக் கட்டித்தான் அங்கே வீடு பெருக்கினார்கள். செடியின் பெயரே துடைப்பத்துக்கும் ஆனது. நம் விளக்குமாற்றிலும் மிலாறு இருக்கிறது: விளக்கும் மாறு; மாறு என்றாலும் மிலாறுதான்.

1681-இல் பிராம்ப்டனில் பெரிய நாற்றுப்பண்ணை ஒன்று எழுந்தது. பிறகு வந்தது பெயருக்குச் சோதனை. லண்டனில் நடந்த 1851 பொருட்காட்சியின் லாபத்தில் அங்கே வாங்கிய நிலத்தில், 1857-இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு 'சவுத் கென்சிங்டன்' என்று பெயரிட்டார்கள். கென்சிங்டன் என்றால் அரண்மனை நினைவு வரும், மதிப்புக் கூடும். அந்தப் பெயர் பரவப் பரவ பிராம்ப்டன் சுருங்கியது. 1906-இல் வந்த பிராம்ப்டன் ரோடு பாதாள ரயில் நிலையத்தையும் 1934-இல் மூடிவிட்டார்கள்.

ஆனால் ஊர்வாய் விடவில்லை. அங்கே 1884-இல் திறந்த கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு முறையான பெயர் 'லண்டன் ஆரட்டரி'. மக்கள் சொல்வதோ 'பிராம்ப்டன் ஆரட்டரி'. அதைப் பார்த்த மாடி வீட்டில்தான் ஆண்ட்ரூ ரிச்சி என்ற பொறியாளர் 1975-இல் மடிப்பு சைக்கிள் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். பிக்கர்டன் என்ற அலுமினிய மடிப்பு சைக்கிளைப் பார்த்து, இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று இறங்கியவர். வண்டிக்குப் பெயர் தேட அவர் தூரம் போகவில்லை. எதிரே நின்ற ஆரட்டரி கொடுத்தது.

பின்சக்கரத்தை அடியில் சுழற்றினால் வண்டி தானே நிற்கும். சட்டத்துக் கீலைத் தளர்த்தினால் முன்சக்கரம் பக்கத்தில் வந்து கொக்கியில் மாட்டும். ஹேண்டில்பாரை மடக்கி, சீட்டைக் கீழே இறக்கினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். எண்ணெய்ச் சங்கிலி இரு சக்கரங்களுக்கு நடுவில் ஒளிந்துவிடும். உடுப்பில் கறை படாது. இந்த ஒளித்தலைத்தான் நான் வியக்கிறேன். 16 அங்குலச் சக்கரம் சின்னது. டயரில் காற்று குறைந்தால் குழிக்குக் குழி இடிக்கும், மிதிக்கவும் கனக்கும். அதனால் காற்றை இறுக்கமாக அடிக்கவேண்டும். சில டயர்கள் 100 பி.எஸ்.ஐ. வரை தாங்கும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து 'போதும்' என்று விடுவது இதற்குச் சரிவராது.

தொழிற்சாலை இன்று கிரீன்ஃபோர்டில், ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் இருக்கும் அதே நகராட்சியில் இருக்கிறது. அங்கே எஃகுக் குழாய்களைக் கையால் பற்றவைக்கிறவர்கள் தங்கள் வேலையில் தங்கள் அடையாளக் குறியைப் பதிக்கிறார்கள். சிங்கப்பூரிலும் டோக்கியோவிலும் 'பிராம்ப்டன்' என்றால் இந்தச் சைக்கிள்தான். ரயில் நிலையத்தை இழந்த ஊர்ப்பெயர், ரயிலில் ஏற்றிப்போகும் வண்டியின் பெயராகி அங்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.