அல்லிராணிக் கோட்டையும் பேர் தெரியாத சுழியோடிகளும்

சென்ற வாரம் பத்தாம் தர மாணவர்களோடு அரிப்புக்குப் போயிருந்தோம். நம்மவர்கள் 'அல்லிராணிக் கோட்டை' என்று சொல்லும் கட்டடம் கோட்டையுமல்ல, அல்லிராணி கட்டியதுமல்ல. தேசாதிபதி பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்குவதற்காக 1801 முதல் 1804 வரை கட்டுவித்த டொரிக் மாளிகை அது. கடல் அரித்தது போக இன்று சில சுவர்களே மிச்சம்.

ஒரு மாணவி கேட்டாள்: "சேர், வீடு கட்டினவர்ட பேர் தெரியும். கடல்ல இறங்கின ஆக்கள்ட பேர்?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை.

இந்தக் கடலின் முத்து உலகறிந்தது. 1344இல் வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன் முத்துகள் குவிந்திருந்ததை எழுதி வைத்திருக்கிறார். ஆனால் முத்தெடுத்தவர்கள் பட்ட பாடு?

கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, மூச்சடக்கி, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் கூடையில் சிப்பிகளை அள்ளிப்போட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். படகிலிருப்பவர் இழுத்தெடுப்பார். உயிர் அந்தக் கயிறு பிடித்தவர் கையில். லண்டனில் சீபே என்பவர் 1830களில் செப்புத் தலைக்கவசத்தோடு சுழியோடும் உடையைச் செய்தார். அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் நம் கடலில் கல்லும் கயிறும் மூச்சும்தான்.

1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. கீழக்கரை முஸ்லிம்கள், தூத்துக்குடிப் பரதவர்கள், வளைகுடா அறபிகள் எனப் பலரும் குளித்தார்கள். சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு சுழியோடிகளுக்கு. அரசுக்குக் கிடைத்த வருமானம் சுமார் 25 இலட்சம் ரூபாய். அடுத்த வருடமே பார்களை ஒரு லண்டன் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1907க்குப் பிறகு பல வருடங்கள் சிப்பியே இல்லை, கம்பெனியும் மூடிப்போனது.

சிப்பிக் கணக்கும் ரூபாய்க் கணக்கும் ஏட்டில் இருக்கின்றன. மூச்சடக்கியவர்களின் பேர்கள் நம் வீடுகளில்தான் இருக்க வேண்டும்.

உறவுகளே, உங்கள் மூத்த வாப்பா, அவருடைய வாப்பா யாராவது குளிக்கப் போனதாக வீட்டில் கதை உண்டா? பழைய சுழியோடிக் கல், கூடை, படம் ஏதும் கிடக்கிறதா? சொல்லுங்கள். மாணவர்கள் வந்து எழுதிக்கொள்வார்கள். நூதனசாலை கட்ட நம்மிடம் காசில்லை. வகுப்பறையில் ஒரு மேசை போட நம்மால் முடியும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைப்போம்.