தொலைநோக்கித் தாங்கியின் வரலாறு

தொலைநோக்கியின் குழலைச் சுமந்து, வேண்டிய திசைக்குத் திருப்பி, வானத்தின் ஓட்டத்தோடு நகர்த்தும் அமைப்பு தாங்கி எனப்படும். வானியல் ஆர்வலர்கள் இதை மவுண்ட் என்றே அழைக்கின்றனர். 200 மடங்கு உருப்பெருக்கும் தொலைநோக்கி, தன் குழலின் நடுக்கத்தையும் 200 மடங்காகக் காட்டும். பூமி சுழல்வதால் வான நடுவரைக்கு அருகிலுள்ள விண்மீன் நொடிக்கு 15 வில்நொடி நகர்ந்து, பார்வையிலிருந்து விரைவில் விலகிவிடும். ஆகவே தாங்கி அசையாமல் நிற்கவும் வேண்டும், ஓயாமல் நகரவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒருங்கே அடைய எடுத்த முயற்சிகளே தாங்கியின் வரலாறு.

சாரமும் சுவரும்

வில்லியம் ஹெர்ஷல் 1789-இல் இங்கிலாந்தில் 40 அடி நீளத் தொலைநோக்கியை நிறுவினார். சுழலும் மேடைமேல் எழுப்பிய உயரமான மரச்சாரம் அதைத் தாங்கியது. அதைக் கையாள்வது கடினமாக இருந்ததால், ஹெர்ஷல் பெரும்பாலும் தம் 20 அடித் தொலைநோக்கியையே பயன்படுத்தினார். அயர்லாந்தில் ராஸ் பிரபு 1845-இல் அமைத்த 1.8 மீட்டர் ஆடித் தொலைநோக்கி இரண்டு கற்சுவர்களுக்கு இடையே தொங்கியது. ஒரு வான்பொருள் அந்தச் சுவர்களின் இடைவெளியைக் கடக்கும்வரை மட்டுமே அதைப் பார்க்க முடிந்தது. ஆடி பெரிதானபோதும் தாங்கி அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

பிரான்ஹோபரின் தீர்வு

ஜெர்மானியக் கண்ணாடி வல்லுநர் ஜோசப் பிரான்ஹோபர் உருவாக்கிய 24 செ.மீ. ஒளிவிலகல் தொலைநோக்கி, 1824-இல் டார்பட் நகருக்கு (இன்றைய எஸ்டோனியாவின் தார்த்து) வந்து சேர்ந்தது. அதன் தாங்கியில் ஓர் அச்சு வானத் துருவத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. அந்த ஓர் அச்சைப் பூமியின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் திருப்பினால் போதும், விண்மீன் பார்வையிலேயே நிற்கும். இறங்கும் எடையால் ஓடும் கடிகாரப் பொறி அந்த வேலையைச் செய்தது. குழலின் பாரத்தை எதிர் எடைகள் சமன் செய்தன. பிரீட்ரிக் ஸ்ட்ரூவே இக்கருவியால் ஏறத்தாழ 1,20,000 விண்மீன்களை ஆராய்ந்து, 1827-இல் 3,112 இரட்டை விண்மீன்களின் பட்டியலை வெளியிட்டார். இவ்வகைத் தாங்கி இன்றும் ஜெர்மன் தாங்கி என்றே அழைக்கப்படுகிறது.

அடித்தளம்

தாங்கி எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் தரை அதிர்ந்தால் பயனில்லை. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்ட சென்னை வானாய்வகம் இதற்கு நல்ல சான்று. அங்கு விண்மீன்கள் உச்சிவட்டத்தைக் கடக்கும் நேரத்தை அளந்த கருவி சுமார் 10 டன் எடையுள்ள கருங்கல் தூணின்மேல் அமர்ந்திருந்தது. தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் கல்வெட்டு பொறித்த அத்தூண், வானாய்வகம் மறைந்த பின்னும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. கட்டடத்தின் தரையைத் தொடாமல் தனி அடித்தளத்தில் தூண் எழுப்பும் முறையை இன்றைய வானாய்வகங்களும் பின்பற்றுகின்றன.

பெருந்தாங்கிகள்

அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் 1917-இல் இயங்கத் தொடங்கிய 2.5 மீட்டர் ஹூக்கர் தொலைநோக்கி, இருமுனையிலும் தாங்கப்பட்ட இரும்புச் சட்டத்துக்குள் அமைந்தது. உறுதி மிகுந்த அந்தச் சட்டத்தின் வடமுனை வானத் துருவப் பகுதியை மறைத்தது. 1948-இல் பலோமாரில் அமைந்த 5 மீட்டர் ஹேல் தொலைநோக்கியில் வடமுனை குதிரை லாட வடிவில் திறந்துவிடப்பட்டது. 500 டன்னுக்கு மேற்பட்ட அதன் நகரும் பாகம் எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து திரும்புகிறது. 1986-இல் காவலூரில் தொடங்கப்பட்ட 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் தாங்கியும் குதிரை லாட வகையே. காவலூர் 12.6° அட்சரேகையில் உள்ளதால் அங்கே துருவ அச்சு ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். அதை இருமுனையிலும் தாங்குவதே பொருத்தம்.

ஆர்வலர்களின் தாங்கிகள்

பலோமார் வடிவமைப்பில் பங்கேற்ற ரஸ்ஸல் போர்ட்டர், அதற்கு முன்பே வெர்மான்டின் ஸ்பிரிங்ஃபீல்டில் தொழிலாளர்களுக்குத் தொலைநோக்கி செய்யக் கற்றுக்கொடுத்தவர். அந்தத் தலைமுறை ஆர்வலர்கள் தண்ணீர்க் குழாய் இணைப்புகளையும் பழைய கார்களின் அச்சுகளையும் கொண்டு தாங்கி செய்தனர். ஆடி பெரிதாகும்தோறும் இரும்பும் செலவும் கூடின. வீட்டில் 30 செ.மீ. ஆடியைத் தேய்த்து முடித்தவருக்கும் அதைத் தாங்கும் கருவி எட்டாப் பொருளாகவே இருந்தது.

இத்தடையை உடைத்தவர் ஜான் டாப்சன் (1915–2014). சான் பிரான்சிஸ்கோவின் வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்த அவர், கழிவுக் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். 1967-இல் மடத்தைவிட்டு வெளியேற்றப்பட்டு, அடுத்த ஆண்டு நண்பர்களுடன் நடைபாதை வானியலாளர்கள் என்ற அமைப்பைத் தொடங்கினார். அவருடைய தாங்கி ஒட்டுப்பலகைப் பெட்டிதான். சாய்ந்த அச்சோ எதிர் எடையோ கிடையாது. மேலும் கீழும், இடமும் வலமும் கையால் நகர்த்த வேண்டும். பாரம் நேராகக் கீழே இறங்குவதால் பெரிய ஆடியும் ஆடாமல் நின்றது. டாப்சன் காப்புரிமை பெறவில்லை. பெரிய தொலைநோக்கி சாதாரண மக்களின் கைக்கு வந்தது இப்படித்தான். ஆனால் நீண்ட நேர ஒளிப்படத்துக்கு விண்மீனைத் தானே பின்தொடரும் தாங்கி தேவை. அதற்குத் துருவ அச்சுத் தாங்கியே இன்றும் ஆர்வலர்களின் முதல் தேர்வு.

தாழ்ந்த அட்சரேகையில் நிறுவுதல்

துருவ அச்சின் சாய்வு ஊரின் அட்சரேகைக்குச் சமம். சென்னையில் அது 13°, கன்னியாகுமரியில் 8°, யாழ்ப்பாணத்தில் 10°-க்குச் சற்றுக் குறைவு. ஐரோப்பிய, அமெரிக்க வானத்தை மனத்தில் வைத்துச் செய்த தாங்கிகள் சில இவ்வளவு தாழ்வதில்லை. தாழ்ந்தாலும் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும், பாரம் வடக்கே சரியும். எனவே வாங்கும் முன் தாங்கி எந்தக் குறைந்த கோணம்வரை தாழும் என்று பார்ப்பது முதல் வேலை. முக்காலியின் ஒரு காலை வடக்கு நோக்கி வைத்தால் கவிழும் ஆபத்து குறையும். முக்காலிக்கும் தாங்கிக்கும் நடுவே உயரம் கூட்டும் குழாய் பொருத்தினால் தண்டு இடிக்காது.

நிறுவனம் குறிப்பிடும் சுமையளவில் ஏறத்தாழப் பாதியையே ஒளிப்படக்காரர்கள் ஏற்றுவர். மொட்டைமாடியில் நிறுவுவோர் தளத்தின் நடுவைவிட, கீழே தூணோ சுவரோ உள்ள இடத்தைத் தேர்வது நல்லது. தளத்தின் நடுவில் நடமாடும் காலடியும் படத்தில் தெரியும்.